காதை ஏன் அளந்தார் டாக்டர்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். என் மகனுக்குப் போன மாதம் நான்கு வயது முடிந்தது. உயரம் 93 செ.மீ. பிறந்தபோது நல்ல எடை. ஆனால் முதல் வருடம் முழுக்கப் பால் குடிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. இப்போது ஓடியாடி விளையாடுகிறான், நன்றாகப் பேசுகிறான். ஒரு பக்க விதை இறங்கவில்லை என்று ஆபரேஷனுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த குழந்தை மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். அப்புறம் டேப்பை எடுத்துக் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளந்தார், காதை அளந்தார், பிடரி முடியைத் தூக்கிப் பார்த்தார். கூட நின்ற மூன்று ஜூனியர் டாக்டர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பிறகு என் கணவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி அவர் நெஞ்சையும் கழுத்தையும் பார்த்தார். "உங்க சின்ன வயசு போட்டோ இருக்கா?" என்று கேட்டார். "எக்கோ எடுங்க, ஜெனடிக் டெஸ்ட் தேவைப்படலாம்" என்றதோடு சரி.

"பையன் அப்படியே அப்பன் ஜாடை. எங்க வம்சத்து முகத்துல அந்த டாக்டர் என்ன நோயைக் கண்டாராம்?" என்று மாமியார் கொதிக்கிறார். கொழுந்தனார் பையனின் போட்டோவை ஏதோ ஏஐ செயலியில் போட்டுவிட்டு வாயில் நுழையாத நாலைந்து பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். முகத்தைப் பார்த்து நோய் சொல்வது ஜோசியம் மாதிரி இல்லையா? இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. மாமியாரிடம் நான் என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் கோபத்தில் பாதி முழுக்க நியாயமானது. குழந்தையை நிற்க வைத்து, பெற்றோருக்குப் புரியாத மொழியில் மூன்று பேருக்கு வகுப்பெடுத்துவிட்டு, உங்களிடம் இரண்டே வாக்கியம் பேசி அனுப்பியது தப்பு. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் செய்த பரிசோதனை தப்பில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நானும் டேப்பை எடுத்திருப்பேன். உங்கள் கணவரையும் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பேன். என்ன, கதவைச் சாத்திவிட்டு, எதற்கு என்று சொல்லிவிட்டுச் செய்திருப்பேன்.

ஜோசியமா என்று கேட்டீர்கள். சாமுத்திரிகா லட்சணத்தில் ஒவ்வோர் அங்கத்துக்கும் தனித்தனியாக ஒரு பலன் உண்டு. மூக்கு இப்படி என்றால் இது, காது இப்படி என்றால் அது. நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். தனியாக ஓர் அங்கத்தைப் பார்த்து எதுவுமே சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். உள்ளங்கையில் இரண்டு ரேகைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ரேகை குறுக்காக ஓடுவது டவுன் சிண்ட்ரோமின் அடையாளம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது, உண்மைதான். ஆனால் எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு நான்கு பேருக்கு, குறைந்தது ஒரு கையிலாவது அது இருக்கும். என் இடது கையிலேயே இருக்கிறது. பயந்துபோய் வரும் பெற்றோரிடம் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்.

இப்படிப்பட்ட சின்னச் சின்ன வித்தியாசங்களை யாரோ உட்கார்ந்து எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். 1964-ல் டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைத் தலை முதல் கால்வரை பார்த்தார்கள். ஒரே ஒரு சிறு வித்தியாசம் மட்டும் உள்ள குழந்தைகள் நூற்றுக்குப் பதினான்கு பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு எந்தக் கோளாறும் இல்லை. மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர்கள் இருநூறில் ஒருவர்தான். ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் பெரும்பாலோருக்கு உள்ளே, இதயத்திலோ சிறுநீரகத்திலோ மூளையிலோ, பெரிய கோளாறு ஒன்று இருந்தது. 1987-ல் வேறு குழு செய்த ஆய்வில் அந்த விகிதம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்றுதான் வந்தது. எண்கள் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. கருவில் முகமும் காதும் விரலும் உருவாகிற அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. அப்போது ஏதாவது இடறினால் அதன் தடம் வெளியிலும் விழும், உள்ளேயும் விழும். வெளியில் விழுந்த தடம் யாரையும் ஒன்றும் செய்யாது. உள்ளே எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் அதன் உபயோகம்.

சரி, உங்கள் மகனிடம் அவர் எதைத் தேடினார்? கடிதத்தை வைத்து நோய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அவர் மனதில் ஓடிய பெயர் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதை மறைத்தால் நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். கொழுந்தனார் சொன்ன பட்டியலிலும் அது இருக்கலாம்: நூனன் சிண்ட்ரோம். மரபணு மாற்றத்தால் முகம், உயரம், இதயம் எல்லாவற்றையும் தொடும் ஒரு பிறவிக் கோளாறு. இது அப்படியொன்றும் அபூர்வமில்லை. ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிடுகிறார்கள்.

பெயர் வந்த கதையைச் சொன்னால் டேப்பின் அர்த்தம் விளங்கும். ஜாக்குலின் நூனன் அமெரிக்காவில் குழந்தைகளின் இதய மருத்துவர். அவர் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, இதயத்தை. ஆனால் நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள வால்வு சுருங்கிய குழந்தைகள் பலர், ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாதவர்கள், பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருப்பதை அவர் கவனித்தார். கண்கள் சற்று அகன்று, இமை லேசாகத் தொங்கி, காது தாழ்ந்து, குட்டையாக. அப்படி ஒன்பது குழந்தைகளைப் பற்றி 1963-ல் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து எழுதினார். அதற்குக் காரணமான முதல் மரபணு, பி.டி.பி.என்.11, கண்டுபிடிக்கப்பட்டது 2001-ல். அதாவது 38 வருடம் அந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனையே கிடையாது. கண்ணும் டேப்பும்தான். அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது சரிதான் என்று மரபணு பிற்பாடு வந்து சாட்சி சொன்னது.

இனி அளவுகள். கண்கள் அகன்றிருக்கின்றன என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னால் ஏமாந்துபோவோம். குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு தட்டையாக இருந்தாலோ, கண்ணின் உள்முனையில் தோல் மடிப்பு இருந்தாலோ, கண்கள் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் இருக்காது. அதனால்தான் உள்முனைக்கு உள்முனை, வெளிமுனைக்கு வெளிமுனை, கருமணிக்குக் கருமணி என்று மூன்றும் அளப்போம். உள்முனைகள் மட்டும் விலகியிருந்தால் அது ஒரு கணக்கு, கருமணிகளே விலகியிருந்தால் வேறு கணக்கு. இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்க இடம் இருக்க வேண்டும் என்பது ஓவிய வாத்தியார்கள் சொல்லும் விதி. எங்களுக்கும் முதல் பார்வைக்கு அதுதான். நம் சிற்பிகள் முகத்தின் நீளத்தையே ஒரு தாளமாக வைத்து முழு உடம்பையும் அளப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஓர் உறுப்பை இன்னோர் உறுப்போடு ஒப்பிடுகிறோம். அழகுக்காக அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம்.

காதும் அப்படித்தான். கண்ணின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு கோடு பின்னோக்கிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காதின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். முழுக்கக் கீழே இருந்தால் தாழ்ந்த காது. ஆனால் குழந்தை தலையை நிமிர்த்தினால் காது தாழ்ந்ததுபோலத் தெரியும், குனிந்தால் ஏறும். காது பின்பக்கம் சாய்ந்திருந்தாலும் தாழ்ந்ததாகத் தோன்றும். ஆடாமல் நேராகப் பார்க்க வைத்து அளந்தால்தான் உண்டு. நான்கு வயதுப் பையனை ஆடாமல் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மேசையில் ஒரு பம்பரம் எப்போதும் இருக்கும், அதற்காகவே.

பிடரி முடியைத் தூக்கியது, மயிர்க்கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, கழுத்தின் இரு பக்கமும் தோல் விரிந்து தோளை நோக்கி இறங்குகிறதா என்று பார்க்க. கரு வளர்கிறபோது கழுத்தைச் சுற்றி நிணநீர் தேங்கி, பிற்பாடு வற்றினால் அப்படித் தோல் மடிப்பு மிஞ்சும். காதும் அதனால்தான் கீழே தள்ளப்பட்டுப் பின்பக்கம் சாயும் என்கிறார்கள். பெண் குழந்தைகளில், எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறைவதால் வரும் டர்னர் சிண்ட்ரோமிலும் இதே கழுத்து இருக்கும். நெஞ்சைப் பார்த்தது, மார்பெலும்பு மேலே புடைத்துக் கீழே குழிந்திருக்கிறதா, மார்க்காம்புகள் விலகியிருக்கின்றனவா என்று.

இத்தனையும் கூட இருக்கட்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பிறந்தபோது எடை சரி, அப்புறம் ஒரு வருடம் பால் குடிக்கத் திணறல். விதை இறங்கவில்லை. நெஞ்சில் ஏதோ கேட்டிருக்கிறது, அதனால்தான் எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். நான்கு வயதில் 93 செ.மீ. என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கோட்டில் கீழ்வரம்புக்கும் கீழே; சராசரி 103, கீழ்வரம்பு கிட்டத்தட்ட 95. இந்த ஒவ்வொன்றும் தனியாக வந்தால் நான் அசர மாட்டேன். விதை இறங்காத பையன்கள் எத்தனையோ பேர். குட்டைப் பிள்ளைகள் அதைவிட அதிகம். நான்கும் ஒரே பையனிடம் வந்து உட்கார்ந்ததால்தான் அந்த டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஆரம்பித்து நோய்க்குப் போகவில்லை அவர்.

இப்போது உங்கள் மாமியாரின் வாதத்துக்கு வருவோம். "அப்பன் ஜாடை." எங்கள் வேலையில் இதைவிட முக்கியமான வாக்கியம் இல்லை. வித்தியாசமான முகம் என்று நாங்கள் நினைக்கிற எதையும் முதலில் அப்பா அம்மா முகத்தோடு ஒப்பிட வேண்டும். காது பெரிதா? அம்மாவின் காதைப் பார். தலை பெரிதா? அப்பாவின் தலையைச் சுற்றி டேப்பைப் போடு. பத்துக்கு எட்டுத் தடவை அங்கேயே பதில் கிடைத்துவிடும். தலைமுறை தலைமுறையாக வந்த ஜாடை, அவ்வளவுதான், டெஸ்ட் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நூனன் சிண்ட்ரோம் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரக்கூடியது. அப்பாவுக்கு லேசாக இருந்து, அவருக்கே தெரியாமல் முப்பது வயதைத் தாண்டியிருக்கலாம். அப்படி இருந்தால் "அப்பா மாதிரியே இருக்கிறான்" என்பது சமாதானமாகாது, தடயமாகிவிடும். உயரத்திலும் இதே பொறி உண்டு. பையன் எவ்வளவு வளர்வான் என்று ஊகிக்க அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, 13 செ.மீ. சேர்த்து, இரண்டால் வகுப்போம். அப்பா 158, அம்மா 152 என்றால் 161.5 வரும். "அப்பாவே குட்டை, பிள்ளையும் குட்டை, சரியாகத்தான் இருக்கிறது" என்று கணக்கை முடித்துவிடலாம். அப்பா ஏன் குட்டை என்று கேட்காமல் விட்டால் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்.

சின்ன வயசு போட்டோ கேட்டது இதற்காகத்தான். இந்த முகம் வயதோடு மாறும். கைக்குழந்தையில் ஒரு மாதிரி, பள்ளி வயதில் வேறு மாதிரி, வளர்ந்த பிறகு பெரும்பாலும் சாதாரண முகம். நெற்றிக்கு அகலமும் தாடைக்கு ஒடுக்கமும் மட்டும் மிஞ்சியிருக்கும், அல்லது அதுகூட இருக்காது. மீசை வைத்த முப்பத்தைந்து வயது மனிதரின் முகத்தில் ஒன்றும் தெரியாது. அவருடைய ஐந்து வயதுப் படத்தில் தெரியும். எனக்கு மறக்காத ஒரு குடும்பம் உண்டு. இதய வால்வுக்காகச் சிறு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் கழுத்தைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். "சின்ன வயசுலயே சத்தம் கேக்குதுன்னாங்க, தானா சரியாயிடும்னு விட்டுட்டோம்" என்றார். சரியாகியிருக்கவில்லை. அன்று நாங்கள் எழுதிய எக்கோ சீட்டுகள் இரண்டு.

இதிலிருந்து உங்கள் கணவருக்கும் ஏதோ இருக்கிறது என்று தயவுசெய்து முடிவு கட்ட வேண்டாம். பெற்றோர் இருவருக்கும் இல்லாமல், குழந்தையிடம் முதல் முறையாகப் புதிதாக மாற்றம் தோன்றுவதும் சகஜம். எந்தக் குறையும் இல்லாத வெறும் ஜாடையாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று பிரிப்பதற்குத்தான் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. முகத்தை வைத்து மரபணு நோயை ஊகிக்கும் மென்பொருள் ஒன்றும் புதிதல்ல, நாங்களே பயன்படுத்துகிறோம். பதினேழாயிரம் படங்களுக்கு மேல் கொடுத்துப் பயிற்றுவித்த ஒன்றைப் பற்றி 2019-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 502 படங்களைக் கொடுத்துப் பார்த்ததில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் அது சொன்ன முதல் பத்துப் பெயர்களுக்குள் சரியான பெயர் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் எல்லாமே ஏற்கெனவே நோய் உறுதியான பிள்ளைகளுடையவை. ஆரோக்கியமான பிள்ளையின் படத்தைப் போட்டாலும் பட்டியல் வரும். "ஒன்றும் இல்லை" என்று சொல்ல அதைப் பழக்கவில்லை. அதோடு, அது யார் முகத்தைப் பார்த்துப் பழகியது என்பதும் இருக்கிறது. 2017-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை வைத்துச் சோதித்தபோது, இப்படியொரு மென்பொருள் பெல்ஜியத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேரைக் கண்டுகொண்டது. காங்கோ நாட்டுக் குழந்தைகளில் 37 பேரைத்தான். காங்கோ முகங்களைக் காட்டிப் பழக்கிய பிறகு அங்கேயும் நன்றாகவே சொன்னது.

மென்பொருளை மட்டும் குறை சொல்வானேன், எங்கள் பாடப்புத்தகங்களும் அப்படித்தான் இருந்தன. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற இன்னொரு மரபணுக் கோளாறில் கருவிழியில் நட்சத்திரம் போலக் கோடுகள் தெரியும் என்று படித்தோம். நீலக் கண்ணில் தெரியும். நம் பிள்ளைகளின் கரும்பழுப்புக் கண்ணில் தேடித் தேடி நான் அலுத்துப்போயிருக்கிறேன். அந்தக் குழந்தைகளை நம் ஊரில் வேறு விதத்தில்தான் அடையாளம் காண வேண்டும்: உப்பிய கன்னம், அகன்ற வாய், அறைக்குள் வந்ததும் முன்பின் தெரியாத டாக்டர் மடியில் ஏறி உட்கார்ந்து கதை பேசும் சுபாவம். மறுபக்கம், நம் குழந்தைகளின் முதுகிலும் இடுப்பிலும் பிறக்கும்போதே இருக்கும் நீலத் திட்டு மிகச் சாதாரணம், ஒன்றும் செய்யாது. ஆனால் அதே திட்டு உடம்பு முழுக்கப் பரவி, வயதாக ஆகக் குறையாமல், குழந்தையின் வளர்ச்சியும் பின்தங்கினால், உடம்பில் கழிவு சேரும் சில பரம்பரை நோய்களை நினைக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் உள்ள குடும்பங்களில் இந்த வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல். உங்களுடையது சொந்தத்தில் நடந்த கல்யாணமா என்று நீங்கள் எழுதவில்லை; டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நூனன் விஷயத்தில் அது பெரும்பாலும் முக்கியமில்லை, வேறு எதையாவது தேட வேண்டி வந்தால் உதவும்.

செயலியில் போட்ட படத்தை அழிக்க முடிந்தால் அழிக்கச் சொல்லுங்கள். ஒரு குழந்தையின் முகமும் அதன் பக்கத்தில் ஒரு நோயின் பெயரும் எங்கோ ஒரு கணினியில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் படமெடுப்பதாக இருந்தால் கூட எதற்கு, எங்கே வைப்போம் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். உங்களிடம் அப்படிக் கேட்காமல் யாராவது எடுத்திருந்தால் நீங்கள் தாராளமாக ஆட்சேபிக்கலாம்.

வார்த்தைகள் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறை பழைய நாளில் பேசிய பேச்சு கூச வைக்கும். டவுன் சிண்ட்ரோமை ஓர் இனத்தின் பெயரால் அழைத்தார்கள். மங்கோலிய நாடே ஆட்சேபித்த பிறகுதான் அது வழக்கொழிந்தது. கையில் ஒற்றை ரேகைக்குக் குரங்கின் பெயர். இப்போது எது எந்த அளவில் இருந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று 2009-ல் பல நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்த சொற்கள் இருக்கின்றன. "அசிங்கம்", "விகாரம்" என்ற எந்தச் சொல்லுக்கும் அதில் இடமில்லை. உங்கள் பையன் காதில் அப்படி எந்தச் சொல்லாவது விழுந்தால், சொன்னவர் டாக்டராகவே இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வயதில் எல்லாம் புரியும்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் எக்கோ. அதைத் தள்ளிப்போட வேண்டாம். நூனனில் வால்வுச் சுருக்கம் மட்டுமல்ல, இதயத் தசை தடிப்பதும் ஐந்தில் ஒருவருக்கு உண்டு. மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

விதைக்கான ஆபரேஷன் ஒன்றரை வயதுக்குள் முடிந்திருக்க வேண்டியது, ஏற்கெனவே தாமதம், அதையும் கைவிட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்கு முன் ரத்தம் உறைவதற்கான பரிசோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும், வெட்டினால் ரத்தம் எளிதில் நிற்காது. மரபணு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, "இப்படி ஒரு சந்தேகம் இருக்கிறது" என்று அறுவை மருத்துவரிடம் சொன்னால் போதும். உங்கள் கணவருக்குப் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் கஷ்டப்பட்டதுண்டா என்றும் யோசித்துப் பாருங்கள்.

மரபணுப் பரிசோதனையில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. "குரோமோசோம் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்" என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். பத்திரக் கட்டில் எத்தனை பத்திரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது போன்றது அந்த டெஸ்ட். ஒரு பத்திரம் கூடுதலாக இருந்தால் தெரியும். டவுன் சிண்ட்ரோம் அப்படிக் கிடைத்துவிடும். ஒரு பத்திரத்தின் நடுவே சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? நூனன் அந்த ரகம். எழுத்து எழுத்தாகப் படிக்கும் பரிசோதனைதான் வேண்டும். அது கொஞ்சம் செலவுதான். எந்த டெஸ்ட் என்று சரியாகத் தேர்ந்தெடுக்கவே இவ்வளவு அளவெடுப்பும். தவறான டெஸ்ட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முடிவும் எப்போதும் ஆம், இல்லை என்று வராது. பி.டி.பி.என்.11 மரபணுவில் மாற்றம் இருப்பது பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு வேறு பல மரபணுக்கள், சிலருக்கு எதிலுமே கிடைக்காது. "மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெரியவில்லை" என்றும் அறிக்கை வரும். அப்போது மறுபடியும் உங்கள் கணவரின் ரத்தத்தையும், பையனின் முகத்தையும் அளவுகளையும் பார்த்துத்தான் தீர்மானிப்போம்.

இரண்டாவது குழந்தை பற்றி: பையனிடம் மாற்றம் உறுதியாகி, அது உங்களில் ஒருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடமும் இல்லையென்றால் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அதனால் சில மாதம் பொறுத்து, முடிவு தெரிந்தபின் யோசிப்பது நல்லது. முடிவு நூனன்தான் என்று வந்தாலும், பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சிலருக்குப் படிப்பில் கொஞ்சம் கைகொடுக்க வேண்டியிருக்கும். இதயம், உயரம், காது, கண் நான்கையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் கேளுங்கள். பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள பிள்ளைகளுக்காகவே அது இருக்கிறது. அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் அரசு மருத்துவக் குழுவிடம் (ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள்) சொன்னாலும் அனுப்பி வைப்பார்கள். மருத்துவ மரபியலுக்கென்றே தனித்துறை வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. போகும்போது தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு எடை என்று அதில் எழுதியிருந்தால், எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கடைசியாக மாமியார். அவரிடம் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், கூட அழைத்துப் போங்கள். உங்கள் கணவர் கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்தாரா, எத்தனை மாதத்தில் நடந்தார், அவருக்கும் விதை இறங்கத் தாமதமானதா, நெஞ்சில் சத்தம் இருக்கிறது என்று எந்த டாக்டராவது எப்போதாவது சொன்னாரா, வகுப்பில் அவர்தான் முதல் வரிசையில் நிற்கும் குட்டைப் பையனா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்களுக்கும் பதில் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி அவர்தான். "அத்தை, டாக்டர் உங்ககிட்டதான் கேக்கணுமாம்" என்று சொல்லிப் பாருங்கள். பீரோவில் இருக்கிற அந்தப் பழைய ஆல்பத்தை அவரே எடுத்துக்கொண்டு வருவார்.